யோகண்ணைக்காக நான் எழுதின பொய்

ஒரு மனுசன் வாயால சொன்ன பொய்யை, பொய் எண்டு தெரிஞ்சுகொண்டே, நான் என்ர கையால அரசாங்க ஃபோர்மில தட்டி அனுப்பினனான். அதால ஒரு குடும்பம் இருந்த வீட்டை விட்டு எழும்பிற நிலைக்கு வந்தது. பதினொரு வருசம் யூனியன் ரெப்பா இருந்ததில நான் செய்த நல்லது ஏதும் இருந்தா அதை வேற ஆரும் உங்களுக்குச் சொல்லட்டும். நான் இதைத்தான் சொல்லப்போறன்.

நீங்கள் எட்டுப் பேரும் புதுசா ரெப் ஆகியிருக்கிற பிள்ளையள். ஒராள் வெயார்ஹவுஸ், ஒராள் பஸ் டிப்போ, ரெண்டு பேர் ஆஸ்பத்திரித் துப்பரவு எண்டு எழுதியிருந்தவை. எல்லாருக்கும் தமிழ் விளங்குமெண்டபடியால நான் தமிழிலயே கதைக்கிறன். ட்ரெயினிங் முடிச்சு, கழுத்தில அட்டையைக் கொழுவிக்கொண்டு, அடுத்த கிழமையே மனேஜரை மடக்கிறதெண்டு நிக்கிறியள். மடக்குங்கோ, நல்ல விசயம். நானும் அப்பிடித்தான் நிண்டனான். ஆனா என்னை விழுத்தினது மனேஜர் இல்லை. ரெண்டு மட்டன் ரோல்ஸும் ஒரு கோப்பை தேத்தண்ணியும்.

நான் வேலை செய்தது தென் லண்டன் மோர்டனில இருந்து ஒரு பஸ் ஓட்டத்தில இருந்த பக்டரி. சுவருக்குள்ள பதிக்கிற சுவிட்ச் பெட்டி செய்யிற இடம். இரும்புத் தகட்டைப் பிரஸ் மெஷினுக்குள்ள குடுத்தா அது அடிச்சு வளைச்சுப் பெட்டியாத் தள்ளிவிடும். லண்டனில பாதி வீட்டுச் சுவருக்குள்ள எங்கட பெட்டிதான் இருக்கெண்டு நாங்கள் புளுகுறனாங்கள். பாதி இல்லாட்டியும் கால்வாசி வரும். அங்க நிண்டதில அரைவாசிப் பேர் மோர்டன், சட்டன் பக்கத்து எங்கட ஆக்கள். மிச்சம் வெள்ளை, கானா, போலந்து எல்லாம் கலந்தது.

நாலாம் நம்பர் பிரஸில நிண்டவர் யோகராசா அண்ணை. எனக்கு ஒன்பது வயசு மூத்தவர். யோகண்ணை எண்டுதான் எல்லாரும் கூப்பிடுறது. இருபத்திரண்டு வருசம் பிரஸில நிண்டு பத்து விரலோடயும் வெளியால வந்த மனுசன் எண்டா, ஆள் எவ்வளவு நிதானம் எண்டு உங்களுக்கு விளங்கும்தானே. மெஷின் அடிக்கிற சத்தம் கொஞ்சம் மாறினாக் காணும், நிப்பாட்டிப்போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிப்பார். சுப்பவைசர் ஓடிவந்து கத்துவான். "அச்சு வெடிக்கப்போகுது, திறந்து பார்" எண்டுவார். திறந்தா உள்ளுக்க மயிரளவு வெடிப்பொண்டு இருக்கும். அவர் சொல்லிப் பிழைச்சதை நான் ஒருநாளும் காணேல்லை. இஞ்சினியர்மாரே அவரைக் கேட்டுப்போட்டுத்தான் மெஷினைத் திறக்கிறது.

அப்பிடிப்பட்ட மனுசனைப் பக்டரி என்ன செய்தது தெரியுமே? கடைசி ஐஞ்சு வருசத்துக்குப் பிரஸ் பகுதி ஆக்களை ஒரு ஏஜென்சியின்ர பேருக்கு மாத்திவிட்டுது. அதே வேலை, அதே மெஷின், சம்பளத் துண்டில பேர் மட்டும்தான் வேற எண்டு சொல்லி ஒரு பேப்பரை நீட்டிச்சினம். எங்கட ஆக்கள் நீட்டின பேப்பரில எல்லாம் கையெழுத்து வைக்கிற ஆக்கள்தானே. அரசாங்கக் கந்தோர்க்காரன் ஒரு பேப்பர் நீட்டினா அதை மறுத்தா என்ன நடக்குமெண்டு ஊரில பழகி வந்த பழக்கம். சட்டத்துக்கும் அது சரியாம். சட்டம் ஆருக்காக எழுதினதெண்டு நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எங்கட பெரிய ரெப் ஒரு வெள்ளைக்காரி. பேரைச் சொல்லமாட்டன், தன்னைப் பற்றிக் கதைக்கிறது அவாவுக்குப் பிடிக்காது. சட்டனில பிறந்து வளந்து, ஃபோர்க் லிஃப்ட் ஓடினவா. என்னைவிடப் பத்து வயசு இளையவா. நான் ரெப் ஆன முதல் நாள் என்னைக் கூப்பிட்டு ஒரேயொரு விதி சொன்னவா. "ஆற்ற ஃபோர்மையும் அவற்ற வீட்டில வைச்சு நிரப்பாதே. வீட்டிலதான் சனம் கூடப் பொய் சொல்லுறது" எண்டு.

அவா ஆக்களைத் தன்ர பழைய காருக்குள்ள கூட்டிக்கொண்டு போவா. ஒராள் ஓடுற பக்கம், ஒராள் பக்கத்து சீற். கார் ஓடாது, கார் பார்க்கிலதான் நிக்கும். ரெண்டு பேரும் முன் கண்ணாடியால பக்டரிச் சுவரைப் பாத்துக்கொண்டு இருப்பினம். ஒருத்தற்ற முகத்தை ஒருத்தர் பாக்கத் தேவையில்லை. சனம் வாயைத் திறக்கும். வெள்ளை, கறுப்பு, போலந்து ஆம்பிளையள் எத்தினை பேர் அந்த சீற்றில இருந்து அழுதிருப்பினம்.

எனக்கு அது விசர்க் கதையாத்தான் தெரிஞ்சது. எங்கட ஆக்களைக் காருக்குள்ள இருத்தி விசாரிக்கிறதோ? பொலிஸே நாங்கள்? வீட்டை வா எண்டு கூப்பிட்டா போகோணும், போனா சாப்பிடோணும், அதுதானே மரியாதை. வெள்ளைக்காரிக்கு என்ன தெரியும் எண்டு மனதுக்குள்ள நினைச்சுக்கொண்டு தலையை ஆட்டினன்.

பேந்து பக்டரியை மூடப்போறாங்கள் எண்ட கதை அடிபடத் துவங்கினது. உடன ஒரு மினிஸ்டர் வந்தார், கமராக்காரரோட. மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்தார். எங்கட பக்டரியில ஒருத்தரும் ஹெல்மெட் போடுறேல்லை, தலைக்கு மேல விழ அங்க ஒண்டும் இல்லை. அதைத் தாங்களே கொண்டுவந்தவை. மினிஸ்டர் நேர யோகண்ணையிட்டப் போய்க் கையைப் பிடிச்சுக் குலுக்கி, "இந்தக் கையள்தான் நாட்டுக்கு வேணும், ஒரு வேலையும் போக விடமாட்டம்" எண்டார். எங்கட பெரிய ரெப் பின்னால நிண்டு, "அதை எழுத்தில தருவியளோ?" எண்டு கேட்டா. மினிஸ்டர் நல்ல பகிடியைக் கேட்டமாதிரிச் சிரிச்சுக்கொண்டு போயிட்டார்.

யோகண்ணை நம்பினவர். அதைப் பாத்து நீங்கள் சிரிக்கப்படாது. கையைப் பிடிச்சுச் சொன்ன சொல்லை நம்புற மனுசன் அவர். வீட்டை போய் மனுசி பவளக்காவுக்கும் சொல்லி, கோயிலில கண்ட ஆக்களுக்கும் சொன்னவர், மினிஸ்டரே சொல்லிப்போட்டார் எண்டு.

மூண்டு மாசம் கழிச்சு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கன்ரீனில என்ர பக்கத்தில வந்து இருந்தார். ஃபோனை மேசையில வைச்சுத் திருப்பி எனக்குக் காட்டினார். ஏஜென்சியில இருந்து ஒரு மெசேஜ். திங்கட்கிழமை தொடக்கம் உங்களுக்கு ஷிப்ட் இல்லை, உங்கட உழைப்புக்கு நன்றி. முடிவில ஒரு சிரிக்கிற மூஞ்சிப் படம். இருபத்திரண்டு வருசத்துக்கு அவ்வளவுதான் பிள்ளையள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மூஞ்சியைப் போட்டவனைத் தேடிப்போய்க் கேக்கோணும் போல இருந்தது.

யோகண்ணை ஃபோனை எடுத்து, எனக்கு முன்னாலயே அந்த மெசேஜை அழிச்சுவிட்டார். "வீட்டில பவளம் கண்டிடுவா" எண்டார். "நானா விட்டிட்டன் எண்டு சொல்லப்போறன். நீரும் அப்பிடியே சொல்லும்."

"ஏனண்ணை? உங்களில என்ன பிழை?" எண்டு கேட்டன்.

"பிழை இல்லையெண்டு உமக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மகளைக் குடுத்த சம்பந்தி வீட்டுக்குத் தெரியுமே?"

எங்கட ஆக்களுக்குள்ள வேலையால நிப்பாட்டினது எண்டா என்ன கருத்து? களவெடுத்தவன், குடிச்சுப்போட்டு வந்தவன், மனேஜருக்குக் கை நீட்டினவன். தானா விட்டவன் எண்டா ரோசக்காரன். அரசாங்கம் கைவிட்டுது, முதலாளி வேலையை வேற நாட்டுக்கு அனுப்பிப்போட்டான் எண்ட விளக்கமெல்லாம் கலியாண வீட்டில எடுபடாது. "ஏனாம் அவரை மட்டும் நிப்பாட்டினவங்கள்?" எண்டு ஒரு கேள்வி காணும்.

அடுத்த கிழமை அரசாங்கம் வேலை போன ஆக்களுக்காகக் கன்ரீனில ஒரு உதவி நாள் வைச்சது. மூண்டு மேசை. ஒண்டில செக்யூரிட்டி வேலை, ஒண்டில வயசான ஆக்களைப் பாக்கிற வேலை, மூண்டாவதில ஒரு பிள்ளை இருந்து எல்லாருக்கும் வேலைக்கு விண்ணப்பிக்கத் தங்களைப் பற்றி எழுதப் பழக்கிறா. யோகண்ணையைப் பாத்து, உங்களுக்கு என்ன பொழுதுபோக்கு எண்டு கேட்டா. அவர் கனநேரம் யோசிச்சுப்போட்டு, "ஓவர்டைம்" எண்டார். அந்தப் பிள்ளையும் பாவம், அதை அப்பிடியே எழுதிப்போட்டுது.

ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாத ஆக்களுக்கு அரசாங்கம் குடுக்கிற பெனிபிட் காசுக்கு ஃபோர்ம் நிரப்ப அவற்ற வீட்டை வரச்சொல்லிக் கேட்டார். பெரிய ரெப் சொன்ன விதி எனக்கு ஞாபகம் வந்தது. வந்தும் போனன். பவளக்கா ரோல்ஸ் பொரிச்சு வைச்சிருந்தா. என்ர லப்டொப்பை மேசையில விரிச்சுக்கொண்டு ஒவ்வொண்டாக் கேட்டுக் கேட்டுத் தட்டிக்கொண்டு வந்தன். கடைசி வேலை ஏன் முடிஞ்சது எண்டு ஒரு கேள்வி வந்தது.

"அண்ணை, ஏன் வேலை முடிஞ்சதெண்டு கேக்கிறாங்கள்" எண்டன்.

பவளக்கா தட்டோட பக்கத்தில நிக்கிறா. யோகண்ணை அவாவையும் பாக்கேல்லை, என்னையும் பாக்கேல்லை. "நானா விட்டனான் எண்டு போடும்" எண்டார்.

என்ர விரல் நிண்டுபோச்சு. தானா வேலையை விட்டவனுக்குப் பெனிபிட் கந்தோர் காசை நிப்பாட்டிவைக்கும் எண்டு எனக்குத் தெரியும், ட்ரெயினிங்கில படிச்சனான். நான் என்ன செய்திருக்கலாம்? அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்கோ எண்டு அவாவைக் குசினிக்கு அனுப்பியிருக்கலாம். பற்றரி முடிஞ்சுபோச்சு, நாளைக்குச் செய்வம் எண்டு மூடியிருக்கலாம். அந்தப் பொய் புண்ணியமாப் போயிருக்கும். ஆனா அவர் எனக்கு மூத்தவர், அவற்ற வீடு, அவற்ற மனுசி, என்ர வாயில அவை தந்த ரோல்ஸ். அதுக்குள்ள, கந்தோர்க்காரர் ஏஜென்சியிட்டக் கேப்பினம்தானே, அவைக்கு உண்மை தெரியவரும்தானே எண்டும் ஒரு நினைப்பு. கோழைக்கு எப்பவும் ஒரு நியாயம் கையில இருக்கும். தட்டினன், அனுப்பினன், தேத்தண்ணியையும் குடிச்சுப்போட்டு வந்தன்.

ரெண்டு கிழமையில கடிதம் வந்தது. தானா வேலையை விட்டபடியால மூண்டு மாசத்துக்கு ஒண்டும் இல்லை. திருப்பிப் பாருங்கோ எண்டு எழுதினம். ஏஜென்சியைக் கேட்டிருக்கினம். அவர் வேலைக்கு வாறதை நிப்பாட்டிப்போட்டார் எண்டு ஏஜென்சி கூசாமச் சொல்லிப்போட்டுது. நீங்களே அப்பிடித்தானே எழுதியிருக்கிறியள் எண்டு கந்தோர் பதில் போட்டது. வாடகை நிண்டது. வீட்டுக்காரர், அவரும் எங்கட ஆள்தான், ரெண்டு மாசத்தில எழும்பச்சொல்லிக் கடிதம் குடுத்திட்டார். பவளக்கா விசயம் தெரியாம அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டு திரிஞ்சா. இருபத்திரண்டு வருசம் வரி கட்டின மனுசனுக்கு இதுதானோ மரியாதை எண்டு என்னட்டக் கேட்டா. கேக்கேக்குள்ள எனக்கு நிமிந்து பாக்க ஏலாம இருந்தது.

அண்டைக்குத்தான் நான் பெரிய ரெப்பிட்டப் போய், "காருக்குள்ள இருந்து கதைக்கோணும்" எண்டன்.

எல்லாத்தையும் சொன்னன். ஒரு ஏச்சில்லை. பக்டரிச் சுவரைப் பாத்துக்கொண்டு, "அந்த மெசேஜை அவரைத் தவிர ஆர் கண்டது?" எண்டு கேட்டா.

"நான் மட்டும்தான்."

"அப்ப அந்த மனுசனுக்கு உலகத்தில இருக்கிற ஒரே சாட்சி, பொய்யை எழுதின ஆள்."

அதைவிட அவா என்னை அடிச்சிருக்கலாம். பேந்து சொன்னா, "இது பெனிபிட் முறையீடு விசாரிக்கிற ட்ரிபியூனலுக்குப் போகும். நீ போய் நடந்ததைச் சொல்லோணும். சொன்னா, நான் உன்ர ரெப் அட்டையை எடுக்கோணும். ரெண்டையும் நான் செய்விப்பன். உனக்கு விருப்பமில்லையெண்டா இப்பவே சொல்லு." இப்பிடி முகத்துக்கு நேர சொல்லுற ஆளை நான் அதுக்கு முன்னமும் காணேல்லை, பிறகும் காணேல்லை. எனக்காக ஒரு சொல்லு மறைக்கேல்லை, யோகண்ணைக்காக ஒரு நாள் வீணாக்கேல்லை. அண்டைக்குப் பின்னேரமே முறையீடு எழுதினா. அடுத்தநாள் யோகண்ணையைக் காருக்குள்ள இருத்திக் கதைச்சா. என்ன கதைச்சவை எண்டு எனக்குத் தெரியாது. அவர் இறங்கேக்குள்ள லேஞ்சியால முகத்தைத் துடைச்சுக்கொண்டு இறங்கினவர்.

விசாரணை நாள் பவளக்காவை வரவேண்டாமெண்டு யோகண்ணை சொல்லியிருக்கிறார். அவா கேப்பாவே? நல்ல சேலை கட்டிக்கொண்டு, ஜட்ஜுக்கு நாலு கதை கேக்கோணுமெண்டு வந்து நிக்கிறா. பெரிய ரெப் அதுக்கும் ஒரு வழி வைச்சிருந்தா. அக்கா வெளியால வாங்கில இருக்கட்டும், உள்ளுக்க நாங்கள் மூண்டு பேரும் போவம் எண்டு. பேர் கூப்பிட்டினம். யோகண்ணை கதவடியில நிண்டிட்டார்.

"அவா உள்ளுக்கு வரட்டும்" எண்டார்.

"வடிவா யோசிச்சுத்தான் சொல்லுறியளோ அண்ணை?" எண்டன்.

"இவாவை வெளியில இருத்திப்போட்டு உள்ளுக்க உண்மையைச் சொன்னா, வீட்டை போய் நான் திருப்பியும் பொய்யெல்லே சொல்லோணும். எனக்கு அலுத்துப்போச்சு தம்பி."

ஜட்ஜ் ஒரு பொம்பிளை. சின்ன அறை, சாதாரண மேசை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணுமோ எண்டு முதலே கேட்டவை. யோகண்ணை வேண்டாமெண்டிட்டார், இருபத்திரண்டு வருசம் இங்கிலிஸில வேலை செய்தனான் எண்டு. ஜட்ஜ் ஃபோர்மைக் கையில வைச்சுக்கொண்டு, "ஏன் நீங்களே விட்டதா எழுதினியள்?" எண்டு கேட்டா. மரியாதையாத்தான் கேட்டா.

யோகண்ணை ஜட்ஜுக்குப் பதில் சொல்லேல்லை. கதிரையோட திரும்பி மனுசியைப் பாத்தார். தமிழில சொன்னார், "பவளம், நான் விடேல்லை. என்னை நிப்பாட்டினவங்கள். ஃபோனில ஒரு வரி எழுதி நிப்பாட்டினவங்கள்."

பவளக்காவின்ர கை சேலைத் தலைப்பைப் பிடிச்சபடி நிண்டது. யோகண்ணை அதுக்குப் பிறகுதான் ஜட்ஜ் பக்கம் திரும்பினார். அவற்ற பக்டரி இங்கிலிஸில சொன்னதை நான் உங்களுக்குத் தமிழில சொல்லுறன்.

"அம்மா, எங்கட பக்டரிக்கு ஒரு மினிஸ்டர் வந்தவர். என்ர கையைப் பிடிச்சு, ஒரு வேலையும் போகாதெண்டு சொன்னவர். அது பொய். அந்தப் பொய்க்கு அவர் ஃபோர்ம் ஒண்டும் நிரப்பேல்லை, அவற்ற சம்பளத்தை ஒருத்தரும் நிப்பாட்டேல்லை. ஏஜென்சி உங்களுக்குப் பொய் எழுதினது. அதையும் ஒருத்தரும் கேக்கேல்லை. நான் மனுசிக்கு முன்னால வெக்கத்தில ஒரு பொய் சொன்னன். அதுக்கு என்ர வீடு போகப்போகுது. நான் செய்தது சரியெண்டு சொல்ல வரேல்லை. ஆனா எல்லாத்துக்கும் ஒரு அளவு இருக்குத்தானே?"

ஜட்ஜ் பேனையை வைச்சுப்போட்டு அவரைப் பாத்தா. பிறகு என்னைக் கேட்டா, மெசேஜைக் கண்டனீரோ எண்டு.

"ஓம், கண்டனான்."

"கண்டும் ஏன் இப்பிடி எழுதினனீர்?"

"அவர் எனக்கு மூத்தவர். அவற்ற மனுசி பக்கத்தில நிண்டவா" எண்டன்.

"அது ஒரு காரணமோ?"

"இல்லை அம்மா. அண்டைக்குக் காரணம் போலத் தெரிஞ்சது. நான் ரெப். அவருக்கு வெக்கப்பட உரிமை இருந்தது, எனக்கு எழுத உரிமை இருக்கேல்லை." மெசேஜில இருந்த ஒவ்வொரு சொல்லையும் சொன்னன். அந்தச் சிரிக்கிற மூஞ்சியையும் சொன்னன். ஜட்ஜ் அதை எழுதினது எனக்கு இண்டைக்கும் சந்தோசம்.

எங்களை வெளியால இருக்கவிட்டு அரை மணித்தியாலத்தில திருப்பிக் கூப்பிட்டினம். அவர் சொல்லுறதை நம்புறன், காசை நிப்பாட்டினது செல்லாது, நிப்பாட்டின நாளில இருந்து குடுக்கோணும் எண்டு ஜட்ஜ் சொன்னா. வீடு தப்பிச்சது. பெரிய ரெப் யோகண்ணையின்ர தோளில கையை வைச்சா. அவா ஒருத்தரையும் தொட்டுக் கதைக்கிற ஆள் இல்லை.

வெளியால வந்து, பவளக்கா புருசன் பக்கம் திரும்பி அவற்ற கோட்டுக் கொலரை இழுத்துச் சரிபண்ணிவிட்டா. பேந்து என்னட்ட வந்தா. "தம்பி, அவர் எனக்குப் பொய் சொன்னது எனக்கும் அவருக்கும் உள்ள சோலி. அதை நாங்கள் வீட்டை போய்ப் பாப்பம். நீங்கள் என்ர மேசையில இருந்து, என்ர தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு, எங்கட வீட்டைப் பறிகுடுக்கப் பாத்தனீங்கள். ஒரு சொல் சொல்லியிருந்தா நானே வெளியால போயிருப்பன்" எண்டா. அவா என்னை ஏசேல்லை. மெல்லமாத்தான் சொன்னா.

அடுத்தநாள் பெரிய ரெப் கையை நீட்டினா, அட்டையைக் குடுத்தன். ஆறு மாசம் கழிச்சுத் திருப்பித் தந்தவா. அந்த ஆறு மாசமும் எனக்கு அவாவில சரியான கோவம். எனக்குப் பதிலா ரெப் வேலையையும் தானே சேத்துச் செய்துகொண்டு, தன்ர சாப்பாட்டு நேரமெல்லாம் அந்தக் காருக்குள்ளயே கழிச்சவா எண்டு எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

இப்ப சொல்லுறன், வடிவாக் கேளுங்கோ. உங்களிட்ட வாற ஆக்கள் உங்கட மாமன், மச்சான், கோயிலில காணுற அண்ணைமாராத்தான் இருப்பினம். மரியாதை குடுங்கோ, காலில வேணுமெண்டாலும் விழுங்கோ. ஃபோர்மை மட்டும் அவையின்ர வீட்டில வைச்சுத் திறக்காதையுங்கோ. கார் இல்லையெண்டா பஸ்ஸில பக்கத்தில இருந்து கதையுங்கோ. அரசாங்கம் எங்களை ஏமாத்தேக்குள்ள எங்கட வெக்கத்தையும் கூட்டாளியா வைச்சுக்கொண்டுதான் ஏமாத்துது. அந்தக் கூட்டாளியை நாங்கள்தான் வெட்டிவிடோணும்.

கடைசிக் கதை என்னைப் பற்றினது. புது முதலாளி வாறார், ஆக்களை எடுக்கிறார் எண்டு பக்டரியில கடைசிக் கிழமை மட்டும் சொல்லிக்கொண்டு இருந்தவை. எனக்கு அட்டையும் திரும்பி வந்திட்டுது, ரெப்பில கைவைக்கமாட்டாங்கள் எண்டு என்ர மனுசிக்குப் புளுகி வைச்சிருந்தனான். ஒரு செவ்வாய்க்கிழமை காலமை பத்து மணிக்கு எல்லாரையும் கன்ரீனுக்குக் கூப்பிட்டு, புது முதலாளி இல்லை, மத்தியானத்தோட பூட்டுறம் எண்டினம். அவ்வளவுதான். மெஷினெல்லாத்தையும் ஒவ்வொண்டா நிப்பாட்டிக்கொண்டு வந்தவை. வெளியால பஸ் போற சத்தத்தைப் பக்டரிக்குள்ள நிண்டு அண்டைக்குத்தான் நான் முதல் முதல் கேட்டன்.

பையைத் தூக்கிக்கொண்டு கேற்றால வெளியால வாறன். யோகண்ணை நிக்கிறார். அவருக்கு அப்ப ஒரு பள்ளிக்கூடத்தில துப்பரவு வேலை. செய்தி கேட்டு, அரை நாள் லீவு போட்டுப்போட்டு வந்திருக்கிறார். கேற்றால வாற எங்கட ஆக்கள் ஒவ்வொருத்தரையும் மறிச்சு, எல்லாருக்கும் கேக்கத்தக்கதா, "என்னை முதலே நிப்பாட்டினவங்கள், தெரியும்தானே? இண்டைக்கு உங்களை. வீட்டில உள்ளதைச் சொல்லுங்கோ, ஃபோர்மிலயும் உள்ளதைப் போடுங்கோ" எண்டு சொல்லிக்கொண்டு நிக்கிறார். சம்பந்திக்குத் தெரியப்படாதெண்டு மெசேஜை அழிச்ச அதே மனுசன். றோட்டால போற சனமும் நிண்டு பாக்குது. எனக்கு அவரைக் கும்பிடோணும் போல இருந்தது.

என்ர முறை வந்தது. என்னை மட்டும் கையில பிடிச்சு ஒரு பக்கமாக் கூட்டிக்கொண்டு போனார்.

"வீட்டில என்ன சொல்லப்போறீர்?" எண்டு கேட்டார்.

நான் பதினொரு வருசம் ரெப். எத்தினை பேருக்காக மனேஜர்மாரோட வாதாடினவன். ட்ரிபியூனலில சாட்சி சொன்னவன். எண்டாலும், புது முதலாளி ஏதோ சுணங்குது, கொஞ்ச நாள் லீவு எண்டு சொல்லுறதாத்தான் கேற்றடி மட்டும் யோசிச்சுக்கொண்டு வந்தனான். அவருக்கு அது விளங்கிட்டுது.

"முதல் எனக்குச் சொல்லிப் பாரும்" எண்டார்.

"என்னை நிப்பாட்டிப்போட்டாங்கள் அண்ணை" எண்டன். எனக்கே கேக்கேல்லை.

"இன்னொருக்கா."

"என்னை நிப்பாட்டிப்போட்டாங்கள்."

"சரி" எண்டு கையை விட்டார். "இப்ப வீட்டை போம்."